விடை தெரிந்தவர்

சென்ற ஆவணியில், புட்டுத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக, எங்கள் தெருப் பெண் ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். கல்யாணமாகித் திருப்பூரில் இருப்பவள். திருவிழாவுக்காகப் பிறந்த வீடு வந்திருந்தாள். என்னைப் ‘பெரியப்பா’ என்றுதான் கூப்பிடுவாள். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. ஆரப்பாளையத்தில் ஒரே தெருவில் முப்பது வருஷம் குடியிருந்துவிட்டால் அதுவே உறவுதான்.

காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

“என்னம்மா?” என்றேன்.

“பெரியப்பா, சிரிச்சுக்கிட்டே ஒரு பொய் சொன்னா அதுக்கும் பாவம் உண்டா?”

“சிரிக்காமல் சொன்னால்தான் பாவமா?” என்று வேடிக்கையாகக் கேட்டுவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் வேடிக்கைக்கு அது நேரமல்ல என்று புரிந்தது.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் நடந்த விஷயம். பட்டப்படிப்பு முடித்த கையோடு அவள் சென்னைக்குப் போய் ஒரு சிறிய தொலைக்காட்சியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இரவு பத்து மணிக்கு மேல் நடக்கும் போட்டி நிகழ்ச்சி. திரையில் ஒரு படம் இருக்கும். ஒரு நடிகரின் கண், இன்னொரு நடிகரின் வாய், இரண்டையும் ஒட்டவைத்த முகம். இது யார், இது யார் என்று கேட்டுக்கொண்டே அவள் நிற்க வேண்டும். சினிமாக் கொட்டகைப் பக்கம் ஒரு முறை போன குழந்தைகூடச் சொல்லிவிடும் விடை. பரிசு பத்தாயிரம் ரூபாய். “இன்னும் ஒருத்தர்கூடச் சரியான விடை சொல்லவில்லையே! உடனே கூப்பிடுங்கள்!” என்று சிரித்தபடி கைகாட்டுவாள். கூப்பிடுகிறவர்களுக்கு நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு ஓடும். காத்திருங்கள் என்று ஒரு குரல் சொல்லும், பாட்டு ஓடும், காசும் ஓடும். தப்பித் தவறி லைன் கிடைத்து ஒலிபரப்பில் பேசியவர்கள் எல்லோரும் தவறான விடையையே சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த அலுவலகப் பையன்கள் என்று இரண்டாவது மாதம் அவளுக்குத் தெரிந்தது. அதற்கப்புறமும் நான்கு மாதம் அங்கே சிரித்தாள்.

“ஏன் அப்போதே விடவில்லை?”

“தம்பிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும் பெரியப்பா. இன்னொண்ணு...” என்று தயங்கினாள். “இன்னைக்கு இது, நாளைக்கு பெரிய டிவி, அப்புறம் சினிமான்னு எல்லாரும் சொன்னாங்க.”

இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்காக இந்த விசாரம்? நேற்று அவளுக்கு ஒரு செய்தி கிடைத்திருக்கிறது. எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் கிழவி, இவளைக் குழந்தையில் இடுப்பில் சுமந்தவள், இவள் ‘அப்பத்தா’ என்று அழைப்பவள், அந்த நாட்களில் தினமும் இரவு மாவரைத்து முடித்த கையோடு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாளாம். இரண்டு மாதத்தில் நாலாயிரம் ரூபாய் போயிற்றாம். பேரன் இதைச் சிரிப்புச் செய்தியாகச் சொல்லியிருக்கிறான். பரிசுக்கு ஆசைப்பட்டு அல்ல. லைன் கிடைத்தால் இந்தப் பெண் “எங்கேயிருந்து பேசறீங்க?” என்று கேட்பாள் அல்லவா? அப்போது “ஆரப்பாளையத்துல இருந்துதான் கண்ணு” என்று சொல்ல வேண்டுமாம். அதற்காகத்தான்.

லைன் ஒரு நாளும் கிடைக்கவில்லை.

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. இரவெல்லாம் யோசித்தேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்குத் தமிழில் நல்ல பெயர்கூட இன்னும் அமையவில்லை. தொகுப்பாளர் என்கிறார்கள். நடத்துநர் என்றும் சொல்கிறார்கள். எங்கள் ஆரப்பாளையத்தில் நடத்துநர் என்றால் பஸ் கண்டக்டர். பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். “திண்டுக்கல், திண்டுக்கல்! உடனே எடுக்கப் போறோம்!” என்று கூவி ஆட்களை ஏற்றுவார்கள். உடனே எடுக்க மாட்டார்கள். அது பொய்தான். ஆனால், நாமும் சிரித்துக்கொண்டே ஏறி உட்காருகிறோம். காரணம், அந்த பஸ் எப்போது கிளம்பினாலும் திண்டுக்கல்லுக்குத்தான் போகும். எங்கேயும் போகாத ஒரு பஸ்ஸை நிறுத்திவைத்து டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும் கண்டக்டரை நான் பார்த்ததில்லை.

விளையாட்டு நடத்துகிறவரின் மூலதனம் முகமும் குரலும் என்று நினைக்கிறோம். அது மேலோட்டம். அவருடைய உண்மையான மூலதனம், ஆடுகிறவருக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும் என்பதே. அமெரிக்காவில் மான்டி ஹால் என்ற ஒருவர் இருந்தார். 1963இல் தொடங்கிய ஒரு பேர நிகழ்ச்சியை நெடுங்காலம் நடத்தினார். அவர் பெயரால் ஒரு கணக்கே வழங்குகிறது. மூன்று கதவுகள். ஒன்றின் பின்னால் கார். மற்ற இரண்டின் பின்னாலும் ஆடுகள். நீங்கள் ஒரு கதவைக் காட்டுகிறீர்கள். நடத்துகிறவர் அதைத் திறக்காமல், மற்ற இரண்டில் ஆடு இருக்கும் ஒன்றைத் திறந்துவிட்டு, “உங்கள் கதவை மாற்றிக்கொள்கிறீர்களா?” என்கிறார். மாற்றினால் லாபமா? மூன்றில் இரண்டு பங்கு லாபம் என்று 1990இல் ஒரு பெண்மணி வாரப் பத்திரிகைப் பகுதி ஒன்றில் எழுதினார். அது தவறு என்று அவருக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. கணிதப் பேராசிரியர்களே கண்டித்து எழுதினார்கள். ஆனால், அந்தப் பெண்மணி சொன்னதுதான் சரி.

எனக்குக் கணக்கு வராது. ஆயினும் அந்தக் கணக்கில் ஒரு நுட்பம் என்னைப் பிடித்துக்கொண்டது. நடத்துகிறவருக்குக் கார் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், குருட்டாம்போக்கில் ஒரு கதவைத் திறந்து அதில் தற்செயலாக ஆடு நின்றிருந்தால், மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒன்றுதான், பாதிக்குப் பாதி. திறந்தது அதே கதவு, நின்றது அதே ஆடு. ஆனால், திறந்தவருக்குத் தெரியும் என்ற ஒன்றே கணக்கை மாற்றிவிடுகிறது! மான்டி ஹால் 1991இல் இந்தக் கணக்கைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரரிடம் பேசியபோது இன்னொன்றையும் காட்டிக் கொடுத்தார். கதவைத் திறந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நிகழ்ச்சியில் தமக்கு இல்லை. ஆடுகிறவரின் மனத்தோடு விளையாடும் சுதந்திரம் தம்மிடமே இருந்தது என்று. எவ்வளவு பெரிய அதிகாரம்! சிரித்த முகம் அந்த அதிகாரத்தின் மேல் போர்த்திய சால்வை.

நான் சிறுவனாக இருந்தபோது தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் வளையம் எறியும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் எறிந்தால் சோப்புப் பெட்டியின் மேல் வளையம் அழகாக விழும். நாம் எறிந்தால் விளிம்பில் பட்டு உருளும். எவ்வளவு சாய்த்து எறிய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லமாட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. விழவே முடியாத வளையத்தை அவர் விற்கவில்லை அல்லவா?

அப்படியானால் குற்றம் எங்கே தொடங்குகிறது? விடை தெரிந்திருப்பது குற்றமல்ல. தெரிந்தும் சிரிப்பது குற்றமல்ல. வைத்தியரும் அப்படித்தான் சிரிக்கிறார். கூலிக்காகச் சிரிப்பதும் குற்றமல்ல. 2000ஆம் ஆண்டு ஜூலையில் அமிதாப் பச்சன் கோடி ரூபாய்க் கேள்வி நிகழ்ச்சிக்கு வந்து உட்கார்ந்தபோது, அவருடைய கம்பெனி பெரும் நஷ்டத்தில் மூழ்கிக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. சம்பளத்துக்குத்தான் வந்தார். அதனாலேயே, பீகாரிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியரிடம் அவர் குனிந்து பேசிய மரியாதை போலியாகிவிடுமா? அது போலி என்று எனக்குத் தோன்றியதில்லை. நர்சம்மா சம்பளம் வாங்குகிறாள் என்பதற்காக அவள் கையின் இதம் குறைந்துவிடுகிறதா என்ன?

தமிழிலும் அந்த நாற்காலியில் சரத்குமார் உட்கார்ந்தார். சூர்யா 2012இல், பிரகாஷ்ராஜ் 2013இல், அரவிந்த்சாமி 2016இல், பெண்களுக்கென்றே நடந்த போட்டியில் ராதிகா 2019இல் உட்கார்ந்தார்கள். அந்த ராதிகாவின் நிகழ்ச்சியில்தான் 2020 ஜனவரியில் எங்கள் மதுரையைச் சேர்ந்த ஒரு பெண் ஒரு கோடி ரூபாய் வென்றாள். அவளுக்குக் காது கேளாது, பேசவும் இயலாது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடத்துகிறவரின் குரல் என்ற ஆயுதம் அங்கே ஒன்றுக்கும் உதவாது. ஏற்ற இறக்கம், நெஞ்சைப் பிசையும் இடைநிறுத்தம் எதுவும் எதிரே இருப்பவளைப் போய்ச் சேராது. கேள்வி இருக்கிறது, விடை இருக்கிறது, எதிரே ஒரு முகம் இருக்கிறது. அவ்வளவுதான். அவளுக்கு விடை தெரிந்தது; வென்றாள். ஒளித்துவைக்க எதுவும் இல்லாத விளையாட்டு என்றால் அது.

மேலே சொன்னவர்கள் எல்லோரும் ஏற்கனவே புகழ் பெற்றவர்கள். புகழைக் கொண்டுவந்து நாற்காலிக்குக் கொடுத்தவர்கள். எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. சிவகார்த்திகேயன் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொள்ள வந்து, பிறகு ‘அது இது எது’ என்ற விளையாட்டை நடத்தி, 2012இல் ‘மெரினா’ படத்தில் நடித்து, இன்று திரையுலகில் முன்வரிசைக்குப் போய்விட்டார். உழைப்பு, திறமை, எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், அந்த ஒரு பெயர் எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குக் கேட்டிருக்கும்! எங்கள் தெருப் பெண்ணின் காதிலும் யாரோ அதைத்தான் ஓதியிருக்கிறார்கள். அவளும் காத்திருக்கும் வரிசையில்தான் நின்றாள். கிழவிக்கு நிமிஷத்துக்குக் காசு ஓடியது; இவளுக்கு வயது ஓடியது.

இதைச் சொல்லி அவளை விடுவித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனம் ஒப்பவில்லை.

நியூயார்க்கில் 1956இல் ‘இருபத்தொன்று’ என்று ஒரு வினாடி வினா நிகழ்ச்சி நடந்தது. நடத்தியவர் ஜாக் பேரி. கண்ணாடி அறைக்குள் நின்று, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே விடை சொல்வார்கள். ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்பவர் வாரக்கணக்கில் வென்றுகொண்டிருந்தார். பிறகு சார்லஸ் வான் டோரன் என்ற இளம் ஆசிரியர் வந்தார். புகழ் பெற்ற எழுத்தாளர் குடும்பம், நல்ல தோற்றம். ஸ்டெம்பெலைத் தோற்றுப்போகச் சொன்னார்கள். 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான பரிசு பெற்றது எது என்ற கேள்விக்கு, தமக்கு மிகப் பிடித்த படத்தின் பெயரையே தெரியாதவர்போல் மாற்றிச் சொல்லித் தோற்றார் அவர். வான் டோரனோ விடைகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, யோசிப்பதுபோல் உதட்டைக் கடித்து, 1,29,000 டாலர் வென்றார். 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு, இப்படி ஏமாற்றுவதைக் குற்றமாக்கிச் சட்டமே போட்டார்கள். விடைகளைக் கொடுத்தவர் பேரியின் பங்காளி. மூடி மறைத்ததில் பேரிக்கும் பங்கு உண்டு. தேசிய அளவில் மறுபடி ஒரு போட்டி நிகழ்ச்சியோடு நிலைத்து நிற்க அவருக்கு 1972 வரை ஆயிற்று.

இதைப் படிக்கும்போதெல்லாம் மதுரைக்காரனான எனக்குத் தருமியின் நினைவு வராமல் இருப்பதில்லை. ஆலோசித்துப் பாருங்கள். மண்டபத்தில் ஆயிரம் பொன் தொங்குகிறது. ராஜாவின் மனத்தில் ஓர் ஐயம். அது இன்னதென்று ராஜாவுக்கு மட்டும் தெரியும். ஏழைப் பிராமணப் பிள்ளை ஒருவன், பிறர் எழுதிக் கொடுத்த பாட்டைக் கொண்டுபோய்த் தன்னுடையதுபோல் படித்துப் பொற்கிழியை வாங்கப் பார்க்கிறான். வான் டோரன் செய்ததும் இதுதான்! ஆனால், வான் டோரனின் பெயர் கெட்டது. தருமிக்கோ ஆவணி மூலத் திருவிழாவில் ஒரு நாளையே ஒதுக்கி ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். தெய்வம் என்பதால் சலுகையா?

வேறொரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. நக்கீரர் குற்றம் சொன்னதும் தருமி அழுதுகொண்டு திரும்பி வந்தான். அப்போது எழுதிக் கொடுத்தவர் கோயிலுக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. எழுந்து சபைக்குப் போனார். “பாட்டு என்னுடையது, என்னைக் கேள்” என்று நின்றார். நக்கீரரின் முறைப்பையும் வாங்கிக்கொண்டார். நியூயார்க்கில் அப்படி ஒருவரும் சபைக்கு வரவில்லை. தோற்றுப்போன ஸ்டெம்பெல் போய்க் கத்தினார். அவரைப் பொறாமைக்காரர் என்றார்கள். விசாரணையில் வரிசையாக வந்து பொய்ச் சத்தியம் செய்தார்கள். எழுதிக் கொடுத்தவர் சபைக்கு வருவாரா, மாட்டாரா என்பதில்தான் விளையாட்டும் மோசடியும் பிரிகின்றன என்று நினைக்கிறேன்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்தத் தொழிலின் இலக்கணம் இலங்கை வானொலியில் கிடைத்தது. பி. எச். அப்துல் ஹமீத் அங்கே நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ பிற்பாடு சன் தொலைக்காட்சிக்கும் வந்தது. எழுத்தைப் பிடித்துப் பாட்டைத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. ஆயிரம் பாட்டு அவருக்குத் தெரியும். தெரிந்ததை ஒளித்துவைத்துச் சம்பாதிக்கவில்லை. பாட்டு எந்தப் படம், யார் இசை என்று வாரி இறைத்தார். தோற்றுப் போகிறவரை வழியனுப்பும் குரலும், ஜெயித்தவரை வாழ்த்தும் குரலும் அவரிடம் ஒரே குரலாக இருந்தன. தோற்றவர் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனார். ஆரப்பாளையத்து டீக்கடைகளில் அந்த உச்சரிப்பைக் கேட்டுத் தமிழைத் திருத்திக்கொண்டவர்கள் உண்டு. அதில் நானும் ஒருவன்.

மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டனுப்பினேன்.

“சிரித்ததற்குப் பாவம் இல்லை அம்மா. முதல் இரண்டு மாதத்துக்கும் இல்லை. தெரிந்த பிறகு அதே வாக்கியத்தைச் சொன்னாய் பார், அந்த ராத்திரியிலிருந்து கணக்கு ஆரம்பமாகிறது. உன் முதலாளியின் கணக்கு அதைவிடப் பெரியது. ஆனால், அதைக் காட்டி உன் கணக்கை அழிக்க முடியாது” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “நீங்க தொடர்கதை எழுதுறீங்களே பெரியப்பா. அவன் செத்துட்டானா இல்லையான்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ‘தொடரும்’னு போட்டு ஒரு வாரம் காக்க வைக்கலையா? அடுத்த வாரப் பத்திரிகைக்கும் காசுதானே?”

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம் விடை வந்துவிடுமே என்று சமாதானம் சொன்னேன். சொல்லும்போதே, பத்திரிகை ஆசிரியர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக முடிந்துபோன கதையை எட்டு வாரம் இழுத்த சம்பவம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அந்த எட்டு வாரமும் கதை எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு டிக்கெட் கிழித்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

பிரிட்டனில் 2007இல் ஒரு காலை நிகழ்ச்சியின் தொலைபேசிப் போட்டியில், லைன்கள் மூடுவதற்கு முன்பே பரிசுக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குப் பின்னும் ஜனங்களைக் கூப்பிட வைத்தார்கள் என்று கண்டுபிடித்து, அந்த நிறுவனத்துக்கு 20 லட்சம் பவுன் அபராதம் விதித்தார்கள். நம் பக்கத்தில் அந்த ராத்திரிப் போட்டிகளைக் கண்டு ஜனங்கள் சிரித்தார்கள்; சலித்தார்கள். எங்கள் கிழவிக்கு யாரும் ஓர் அணாகூடத் திருப்பித் தரவில்லை.

புட்டுத் திருவிழா அன்று தெருவில் நிற்க இடமில்லை. சுவாமியும் அம்மனும் கோயிலிலிருந்து புறப்பட்டு எங்கள் புட்டுத்தோப்புக்கு வரும் நாள். புட்டு விற்ற கிழவி ஒருத்திக்காகச் சொக்கநாதர் உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு வைகைக்கரையில் மண் சுமந்த கதையை இந்தப் பேட்டையில் சிறு குழந்தையும் சொல்லும். வாங்கிய கூலிக்கு வேலை செய்யாமல் தூங்கிவிட்டுப் பிரம்படி பட்டார். அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது. ராஜாவின் முதுகிலும் விழுந்தது. அந்தப் பகுதியை மட்டும் நான் எப்போதும் கொஞ்சம் நிறுத்தித்தான் கேட்பேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் வந்து, “கூட வாங்க பெரியப்பா” என்றாள். இட்லிக்கடையில் கிழவி மறுநாளைக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தாள். பெண் மடியிலிருந்து நான்காயிரம் ரூபாயை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்து அறைப் பையன்களைச் சொன்னாள். காத்திருக்கும் வரிசையைச் சொன்னாள். தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னாள். இடையில் அழுகை வந்தது. நிறுத்திவிட்டு மறுபடியும் சொன்னாள். நான் திண்ணையோரம் நின்றுகொண்டிருந்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ‘போகட்டும் விடு கண்ணு’ என்பாள் என்றும் எதிர்பார்த்தேன்.

கிழவி கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பணத்தை எடுத்து எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, வெகு நாளாகக் கேட்க நினைத்துக்கொண்டிருந்ததைப்போல் முகத்தை அருகில் கொண்டுவந்து கேட்டாள்:

“அது கெடக்கட்டும். கடைசியா ஒரு படம் போட்டிருந்தியே, மீசை மட்டும் வேற ஆளு. அந்தக் கண்ணு யாரோடது?”

பெண் ஒரு நடிகரின் பெயரைச் சொன்னாள்.

“அதைத்தானே நானும் நெனச்சேன்!” என்றாள் கிழவி.